அடிக்கல் முதல் அர்ச்சிப்பு வரை



திண்டுக்கல்லை நோக்கி எத்திசையிலிருந்து வந்தாலும், முதலில் கண்ணுக்குப் புலனாவது அவ்வூருக்குப் பெயர் தந்த பாறையே. சாய்ந்துகொள்ள இடும் திண்டினைப் போலத் தோன்றுவதால் அது திண்டுக்கல் ஆயிற்று என்பர். பாறையின் மேலுள்ள கோட்டையின் வரலாற்றை நீங்கள் படித்திருப்பீர்கள். 1605-இல் மதுரை நாயக்கராகிய முத்துக்கிருஷ்ணப்பர் அதனை எழுப்பியதும், 1755-இல் ஐதர் அலி அங்கே அதிகாரியாக வந்து அமர்ந்ததும், 1790-இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றியதும், 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நிலையாகத் தமதாக்கிக் கொண்டதும் தேர்வுக்கு உரிய செய்திகள். ஆனால் இன்று நான் கோட்டையைப் பற்றிப் பேச வரவில்லை. அப்பாறையைச் சூழ்ந்து பரந்துள்ள நகரினுள் நிற்கும் ஒரு கோயிலைக் கொண்டு, கட்டடங்களின் வரலாற்றை எவ்வாறு கற்பது என்று சிறிது சொல்ல விழைகின்றேன்.

அக்கோயில், திண்டுக்கல் புனித வளனார் பேராலயம். சூசையப்பர் கோயில் என்பது பழைய வழக்கு. வளன் என்பது, வீரமாமுனிவர் தாம் பாடிய தேம்பாவணியில் சூசையப்பருக்கு இட்டு வழங்கிய தமிழ்ப் பெயர். இக்கோயிலின் வரலாற்றை வினவுவோர்க்கு இரண்டு ஆண்டுகள் விடையாகக் கிடைக்கும். பணி தொடங்கியது 1866, முடிவுற்றது 1872.

பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் வரலாற்று ஆசிரியனாக இருந்தபோது, ஒருநாள் மாணவர்களை ஊரைச் சுற்றிக் காட்ட அழைத்துச் சென்றேன். திரும்பி வந்தபின், "அந்தக் கோயில் எப்போது கட்டப்பட்டது?" என்று வகுப்பில் கேட்டேன். ஒருவன் எழுந்து 1866 என்றான். மற்றொருவன் 1872 என்றான். இருவரும் வழக்காடத் தொடங்கினர். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான். "நடுவுல ஆறு வருஷம் என்ன சார் செஞ்சாங்க?" என்று கேட்டான். "கட்டினார்கள், வேறு என்ன செய்வார்கள்?" என்றேன் நான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் தலை கவிழ்ந்து உட்கார்ந்துவிட்டான்.

அவனுடைய தந்தையார் கொத்தனார் என்பதைப் பின்னரே அறிந்தேன். அன்று அவ்வகுப்பில் எழுந்த வினாக்களுள் அவனுடையதே சிறந்தது என்பதை உணர எனக்கு இன்னும் நெடுங்காலம் பிடித்தது. அன்று கூறத் தவறிய விடையை இன்று கூற முயல்கின்றேன்.

முதலில், 1866-ஆம் ஆண்டில் இந்நாட்டுப்புறம் இருந்த நிலையை மனத்தில் எண்ணிப் பாருங்கள். 1606-இல் இராபர்ட் தெ நொபிலி வருகையோடு வளர்ந்த மதுரை மறைப்பணித் தளம், 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டதால் தளர்ந்து போயிற்று. சபை மீண்டும் உயிர் பெற்ற பின்னர், 1830-களின் இறுதியில்தான் பிரெஞ்சு நாட்டுக் குருமார் இங்கு வந்து பணியைத் தொடர்ந்தனர். வந்தவருள் பலர் சில ஆண்டுகளுக்குள்ளேயே வாந்திபேதி முதலிய நோய்களுக்கு இரையாயினர். எஞ்சியோர் ஓலைக் கூரை வேய்ந்த சிறு கோயில்களில் வழிபாடு நடத்திக்கொண்டே, நிலையான கோயில்களை எழுப்ப முற்பட்டனர். திருச்சிராப்பள்ளியில் ஒரு பெரிய கோயில் 1841-இல் நிறைவுற்றது. ஆயர் அலெக்சிஸ் கனோஸ் இப்பகுதியின் தலைமைப் பொறுப்பில் இருந்த நெடுங்காலத்தில் இத்தகைய பணிகள் பல ஊர்களில் நடந்தன. அக்காலத்தில் தொடங்கியதே திண்டுக்கல் கோயிற்பணியும். அதே 1866-இல் மேற்கே மலைமீது கோடைக்கானலில் சலேத் அன்னையின் கோயிலும் தோன்றியது.

அந்நாளில் திண்டுக்கல்லுக்கு இருப்புப்பாதை இல்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்குச் செல்லும் தொடர்வண்டிப் பாதை 1875-இல்தான் திறக்கப்பட்டது. அதாவது, கோயில் முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து. ஆகவே, அடித்தளத்துக்கு வேண்டிய கருங்கல்லும், சுவருக்கு வேண்டிய செங்கல்லும், சுண்ணாம்பும், மணலும், கூரைக்குரிய மரமும் ஆகிய அனைத்தும் மாட்டு வண்டியிலும் மனிதர் தலையிலுமே வந்து சேர வேண்டியிருந்தன. மாடுகள் உழவுக்கு வேண்டிய காலத்தில் வண்டிக்கு மாடு கிடைக்காது. அறுவடைக் காலத்தில் ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். மழைக்காலத்தில் வண்டிப் பாதை சேறாகிவிடும். இவற்றைக் கழித்துப் பார்த்தால், ஓராண்டில் கட்டட வேலைக்கு உரிய மாதங்கள் மிகச் சிலவே என்பது விளங்கும்.

இரண்டாவது காரணம் சுண்ணாம்பு. இதனை எனக்கு விளக்கியவர் மேலே கூறிய சிறுவனின் தந்தையாரே. பழைய காரை வீடுகளைச் செப்பனிடுவதில் அவர் கைதேர்ந்தவர். ஒருநாள் அவரைத் தெருவில் கண்டு, மகன் கேட்ட கேள்வியை அவரிடமே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "சுண்ணாம்புச் சுவரு மூச்சு விட்டுத்தான் இறுகும், ஐயா. அவசரப்பட்டு மேலே ஏத்தினா, கீழே பிதுங்கிக்கிட்டு வந்துரும்" என்றார்.

அவர் சொன்னது நூலறிவுக்கும் ஒத்த உண்மை. சுக்கான்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டுச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதன்மேல் நீர் தெளித்தால் கொதித்துப் பொடிந்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். அதனை மணலோடு கலந்து, மாடு பூட்டிய செக்கில் இட்டு வட்டமாக அரைப்பர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது நம் நாட்டு வழக்கம். இவ்வாறு செய்த சாந்து, காற்றிலுள்ள கரியமிலவாயுவைச் சிறிது சிறிதாக உட்கொண்டு, மீண்டும் பழைய சுண்ணாம்புக்கல்லின் தன்மையை அடைகின்றது. கொத்தனார் மூச்சு விடுதல் என்று கூறியது இதனையே. இன்றைய சிமெண்டு சில நாட்களில் இறுகிவிடும். சுண்ணாம்போ பல மாதங்கள் கேட்கும்; தடித்த சுவராயின் ஆண்டுகளும் ஆகும். ஆகவே, சில அடி உயரம் கட்டியபின் அச்சுவரை ஆறவிட்டு, வேறொரு பக்கத்திற்குச் சென்று கட்டுவர். மழை வருமுன் சுவரின் தலையை ஓலையிட்டு மூடுவர். வெளியிலிருந்து காண்போர்க்கு வேலை நின்றுவிட்டது போலத் தோன்றும். உண்மையில், ஆளில்லாத அந்த மாதங்களிலும் சுவர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றது.

மூன்றாவது காரணத்தை விளக்கத் திண்டுக்கல்லிலிருந்து தெற்கே திருநெல்வேலிச் சீமைக்கு உங்களை அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே, பனைமரங்கள் நிறைந்த செம்மணல் தேரிக்காட்டின் நடுவே இடையன்குடி என்னும் ஊர் உள்ளது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல் வாழ்ந்த ஊர் அது. அயர்லாந்தில் 1814-இல் பிறந்து, 1838-இல் சென்னையில் வந்திறங்கிய அவர், 1841-இல் இடையன்குடியை அடைந்தார். தெருக்களைச் சீர்ப்படுத்தினார், கிணறுகளைத் தோண்டுவித்தார், பள்ளிகளை நிறுவினார். அவருடைய துணைவியார் எலைசா அம்மையார் பெண்களுக்குக் கல்வியும் பின்னல் வேலையும் கற்பித்தார். அவ்வூரில் ஒரு தேவாலயம் எழுப்பும் பணியைக் கால்டுவெல் 1847-இல் தொடங்கினார். அது பிரதிஷ்டை செய்யப்பட்ட நாள் 1880-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6-ஆம் நாள். முப்பத்துமூன்று ஆண்டுகள்!

திண்டுக்கல்லின் ஆறு ஆண்டுகளுக்கே விளக்கம் கேட்ட அச்சிறுவன், இதனைக் கேட்டிருப்பின் என்ன சொல்லியிருப்பானோ! ஒரு தலைமுறைக் காலம் என்று நாம் கூறுவது ஏறத்தாழ இதுவே. அடிக்கல் நாட்டிய அன்று மண் சுமந்த இளைஞன், பிரதிஷ்டை நாளில் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்திருப்பான். அவனோடு மண் சுமந்தோர் பலர் அதனைக் காணாமலே மறைந்திருப்பர்.

அத்தேவாலயம் கூர்வளைவு முறையில் அமைந்தது. ஐரோப்பாவில் காதிக் முறை என்பர். நம் நாட்டுத் திருக்கோயில்கள் தூணின்மேல் உத்தரம் வைத்துக் கட்டப்படுபவை. வளைவு கட்டும் கலை தமிழ்நாட்டிற்கு முற்றிலும் புதிதன்று. மதுரையில் திருமலை நாயக்கர் 1636-இல் எழுப்பிய அரண்மனைக்குச் சென்று பாருங்கள். செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆன பெரிய வளைவுகள் அங்கே நிற்கின்றன. ஆனால் உச்சியில் கூராகக் குவியும் வளைவும், அதனுள் கல்லிலே செதுக்கிய சாளரப் பின்னலும், தேரிக்காட்டுக் கொத்தனார்கள் கண்டறியாதவை. தாளில் வரைந்த படத்தைக் காட்டினால் அவர்களுக்கு விளங்கவில்லை. ஆகவே கால்டுவெல் களிமண்ணாலே மாதிரி செய்து காட்டி, அதனைப் பார்த்துச் செதுக்கச் செய்தார் என்பர்.

இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். தமிழ் மொழியின் உறவுமுறைகளை உலகுக்கு எடுத்துரைத்த பேரறிஞர் ஒருவர், மண்ணைப் பிசைந்து பாடம் நடத்துகின்றார். எழுதப் படிக்க அறியாத கைவினைஞர்கள் அதனைக் கண்ணால் கற்றுக் கல்லில் பெயர்த்து எழுதுகின்றனர். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதல் நெறி, சொல்லிக் காட்டுவதினும் செய்து காட்டுவது சிறந்தது என்பதே. இடையன்குடியில் அது நடைமுறையில் நிகழ்ந்தது. ஆகவே, அக்கட்டட வேலை ஒரு பள்ளியும் ஆயிற்று. ஒரு வளைவில் பிழை செய்து, இடித்து, மறு வளைவில் திருத்திக் கற்கும் பள்ளிக்கு முப்பத்துமூன்று ஆண்டுகள் மிகுதி என்று கூறுவதற்கில்லை.

நான்காவது காரணம் பொருள். பெரிய கோயில்கள் வெளிநாட்டுப் பணத்தால் எழுந்தன என்று பலர் எண்ணுகின்றனர். வெளிநாட்டு உதவி இருந்தது உண்மையே. ஆயினும் தமிழ்நாட்டுத் திருச்சபைகளில், சமைக்கும் அரிசியிலிருந்து நாள்தோறும் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் இட்டுவைக்கும் பிடியரிசி வழக்கம் உண்டு. பனையேறிகள் தம் மரங்களுள் ஒன்றின் பயனைக் கோயிலுக்கு நேர்ந்து விடுவர். உழவர் முதல் விளைச்சலைக் காணிக்கையாகத் தருவர். இத்தகைய வருவாய் மழையைப் பொறுத்தது. மழை பொய்த்தால் கலயத்தில் அரிசி விழாது. அரிசி விழாவிடின் சாரத்தில் ஆள் ஏறான்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று அழைத்தனர். தெருவெங்கும் பிணங்கள் கிடந்த கொடுமையைப் பாட்டிமார் கதையாகச் சொல்லக் கேட்டோர் உளர். திண்டுக்கல் கோயில் பஞ்சத்திற்கு நான்கு ஆண்டுகள் முன்பே முடிந்துவிட்டது. இடையன்குடியோ பஞ்சத்தின் ஊடே நடந்துவர வேண்டியிருந்தது. 1877-இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட கால்டுவெல், பட்டினியால் வாடியோரைக் காக்கும் பணியில் ஈடுபட்டார். கஞ்சிக்கு வழியில்லாத காலத்தில் கோபுரத்திற்கு வழி தேடுவது எவ்வாறு? முதலில் உயிர், பிறகு சுவர். பஞ்சம் தணிந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அத்தேவாலயம் நிறைவெய்தியது.

பதினோர் ஆண்டுகள் கழித்து, 1891 ஆகஸ்டு 28-இல், கால்டுவெல் கோடைக்கானலில் காலமானார். அம்மலையூர், 1985-இல் திண்டுக்கல் மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டது முதல் நம் மாவட்டத்திற்கு உரியது. அவருடைய உடலை மலையிலிருந்து இறக்கி, இச்சமவெளியைக் கடந்து, இடையன்குடிக்கே கொண்டு சென்றனர். தாம் மண்ணால் மாதிரி செய்து கட்டுவித்த அத்தேவாலயத்தின் பீடத்தின் அடியிலேயே அவர் அடக்கம் செய்யப்பெற்றார்.

இடையன்குடிக்கு வடக்கே மெஞ்ஞானபுரம் என்னும் ஊரில் தூய பவுல் தேவாலயம் உள்ளது. அதன் ஊசிக்கோபுரம் 192 அடி உயரம். ஜான் தாமஸ் என்னும் குருவானவர் கட்டுவித்தது. 1847-இல் தேவாலயம் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. ஆனால் கோபுரம் முற்றுப்பெற்றது 1868-இல். இடைப்பட்ட இருபத்தோர் ஆண்டுகள் மக்கள் கோபுரமில்லாத கோயிலிலேயே வழிபட்டனர். கோபுரம் முடிந்து இரண்டு ஆண்டுகளில் தாமஸ் மறைந்தார்.

முடியாத கட்டடம் நமக்குப் புதியதன்று. மொட்டைக் கோபுரம் என்னும் சொல்லை அறியாத தமிழர் யார்? மதுரையில் புதுமண்டபத்திற்கு எதிரே திருமலை நாயக்கர் தொடங்கிய இராயகோபுரம் அடித்தளத்தோடு இன்றும் நிற்கின்றது. திருவரங்கத்தின் தெற்குக் கோபுரம் பல நூற்றாண்டுகள் மொட்டையாகவே நின்று, 1987-இல்தான் இராசகோபுரமாக உயர்ந்தது. கடல் கடந்து பார்த்தாலும் இதே கதையே. செருமனியில் கொலோன் நகரப் பேராலயத்திற்கு 1248-இல் அடிக்கல் நாட்டினர். பதினாறாம் நூற்றாண்டில் வேலை நின்றது. முடியாத கோபுரத்தின் உச்சியில் கல் தூக்கும் பொறி ஒன்று, ஏறத்தாழ நானூறு ஆண்டுகள், அந்நகரத்தின் அடையாளம் போலவே நின்றுகொண்டிருந்தது. 1842-இல் மீண்டும் தொடங்கிய வேலை, 1880 அக்டோபரில் நிறைவுற்றது. இடையன்குடித் தேவாலயம் பிரதிஷ்டை பெற்ற அதே ஆண்டு. மூன்று மாதங்களே இடைவெளி. பேரரசன் முன்னின்று விழா எடுத்த கொலோனும், பனையேறிகள் கூடி நின்ற இடையன்குடியும் காலத்தின் கணக்கில் அண்டை வீடுகள் ஆயின.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லி மேலே செல்கின்றேன். மெஞ்ஞானபுரத்தை அடுத்த வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா, 1912-இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்திய ஆயரானார். அவர் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் எழுப்பிய பேராலயம், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு உழைப்பிற்குப் பின், 1939 சனவரி 6-இல் அர்ச்சிக்கப்பட்டது. அதில் ஐரோப்பிய ஊசிக்கோபுரம் இல்லை. கவிந்த மாடங்களும், நம் நாட்டுக் கோயில்களை நினைவூட்டும் தூண்களும், தாமரை வடிவும் உள்ளன. சிறுவயதில் மெஞ்ஞானபுரத்துக் கோபுரத்தைக் கண்டு வளர்ந்த ஒருவர், தாமே கட்டும் வேளையில் வேறொரு வடிவைத் தேர்ந்தார். கட்டடக் கலையில் இந்நாட்டார் மாணவராக இருந்த காலம் போய், தாமே முடிவு செய்யும் காலம் வந்துவிட்டது என்பதற்கு அது சான்று.

இனி, நான் கூற வேண்டியவற்றுள் கடினமான பகுதிக்கு வருகின்றேன். திண்டுக்கல் கோயில் நிறைவுற்ற அதே 1872-இல், திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்திலும் ஒரு பெரிய கத்தோலிக்கக் கோயில் எழுந்தது. தேவசகாயம் பிள்ளை 1745-இல் திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. 2022-இல் புனிதராக உயர்த்தப்பெற்ற அவர், சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் கலந்து பழகியவர் என்று போற்றப்படுகின்றார். அத்தகையவரின் நினைவு தங்கிய ஊரில், புதிய கோயிலை இரு கிளைகளாகப் பிரித்துக் கட்டினர். பீடம் ஒன்றே, ஆனால் அதனை நோக்கிய கூடங்கள் இரண்டு. ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார். நடுவே பிரிப்புச் சுவர். ஒரே பூசையைக் கண்டனர். ஒருவரை ஒருவர் காணவில்லை. இரு கால்களாகப் பிரிந்த அவ்வமைப்பைக் காற்சட்டைக்கு ஒப்பிட்டு எழுதியோரும் உண்டு.

மாணவர்களே, அந்தப் பிரிப்புச் சுவருக்கும் சுண்ணாம்பு அரைத்தனர். அதற்கும் தூக்குக்குண்டு பிடித்தனர். வேலைத் திறத்தில் அது மற்றைச் சுவர்களுக்குக் குறைந்தது என்று கூற முடியாது. அது நன்றாகக் கட்டப்பட்ட ஒரு தவறு. முப்பத்தெட்டு ஆண்டுகள் அது நின்றது. 1910-இல் சேசு சபைக் குருமார் அதனை இடித்துத் தள்ளினர். எதிர்ப்பு எழுந்தது. பழைய உரிமையை நிலைநாட்டுமாறு சிலர் நீதிமன்றம் சென்றனர். வழக்கு மேல்முறையீடாகச் சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தது. கோயிலுக்குள் சாதியின் பெயரால் தனியிடம் கேட்கும் கோரிக்கையை 1917-இல் உயர்நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

அப்படியாயின், வடக்கன்குளத்துக் கோயில் எப்போது கட்டி முடிக்கப்பட்டது? 1872-இலா, 1910-இலா? கல்வெட்டில் பொறிக்கத் தக்க ஆண்டு முதலாவது. ஆனால் இறைவன் திருமுன் அனைவரும் ஒன்று என்று உரைக்கும் ஒரு கோயில் முற்றுப்பெற்றது, கல் வைத்த நாளிலன்று, கல்லை எடுத்த நாளிலேயே என்று நான் கருதுகின்றேன். இது கிறித்தவக் கோயிலுக்கு மட்டும் உரிய பாடமன்று. 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே சென்ற நாளையும் இதனோடு சேர்த்து எண்ணுங்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் கட்டிய வாயில், சிலருக்கு அன்றுதான் வாயில் ஆயிற்று.

திண்டுக்கல்லுக்கே திரும்பி வருவோம். 1872-இல் பங்குக் கோயிலாக நிறைவுற்ற வளனார் ஆலயம், 2003-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரித்துத் திண்டுக்கல் மறைமாவட்டம் அமைக்கப்பட்டபோது பேராலயம் ஆயிற்று. கட்டி முடித்து நூற்று முப்பத்தோர் ஆண்டுகள் கழித்து அதற்கு ஒரு புதிய பொறுப்பு வந்து சேர்ந்தது. அன்று சாரத்தின் மேல் நின்ற எந்தக் கொத்தனாரும் இதனை எண்ணியிருக்க மாட்டார். ஆனால் அவர் சுவரை ஆறவிட்டுக் கட்டியதால்தான், அப்பொறுப்பை ஏற்க அக்கட்டடம் அங்கே நின்றுகொண்டிருந்தது.

அந்த ஆறு ஆண்டுகள் என்ன செய்தார்கள் என்று கேட்ட மாணவனுக்கு இப்போது என் விடை இது. வண்டிக்காகக் காத்திருந்தார்கள். மழைக்காகவும், மழை விடுவதற்காகவும் காத்திருந்தார்கள். சுவர் இறுகும்வரை பொறுத்திருந்தார்கள். தெரியாததைக் கற்றார்கள். பிடி அரிசியாகப் பொருள் சேர்த்தார்கள். சில ஊர்களில், கட்டக் கூடாத சுவரையும் கட்டினார்கள். பிறகு அவர்களுடைய பிள்ளைகள் காலத்தில் அதனை இடித்தார்கள். இவையெல்லாம் சேர்ந்ததே கட்டுதல் என்னும் தொழில். நான் அன்று ஒரே சொல்லில் சொல்லி முடித்தது எவ்வளவு பெரிய பிழை!

உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகின்றேன். உங்கள் ஊரில் கோயிலோ, பள்ளிவாசலோ, தேவாலயமோ, பழைய பள்ளிக்கூடமோ, எதுவாயினும் சரி, ஒரு கட்டடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். கல்வெட்டில் உள்ள ஆண்டை எழுதிக்கொண்டதோடு திரும்பிவிடாதீர்கள். சுவரை உற்று நோக்குங்கள். செங்கல்லின் அளவு ஓரிடத்தில் மாறுகின்றதா? காரையின் நிறம் வேறுபடுகின்றதா? சாரக்கட்டைகள் செருகிய துளைகள் தென்படுகின்றனவா? அங்கெல்லாம் வேலை நின்று தொடர்ந்த சுவடு இருக்கக்கூடும். பிறகு அவ்வூர் முதியோரைக் கேளுங்கள். எந்தத் தெருவினர் கல் உடைத்தனர், எந்த வீட்டினர் சுண்ணாம்பு அரைத்தனர், யார் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார் என்பவை அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கும். அதனை இன்றே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். முதியவர் மறைந்தால் அந்த ஏடும் மறையும்.

அடிக்கல்லில் ஆயரின் பெயர் இருக்கும். ஆட்சியரின் பெயர் இருக்கும். பெருங்கொடையாளரின் பெயர் இருக்கும். அவர்கள் அதற்குத் தகுதியுடையோரே. கொத்தனாரின் பெயர் மட்டும் இராது. என் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அம்மாணவன் கேட்டது, எண்ணிப் பார்த்தால், தன் தந்தையைப் பற்றிய கேள்வியே. அவனை நான் சிரிப்புக்கு ஆளாக்கினேன். இப்பேச்சை அவன் எங்கேனும் கேட்டுக்கொண்டிருந்தால், அன்று கூறாத விடையையும், அதனோடு என் வருத்தத்தையும் ஏற்றுக்கொள்வானாக.